புது வசதி கேட்டு வரும் கோரிக்கைகள்: எந்த வழி யாருக்கு?

கட்டற்ற மென்பொருள் ஒன்று நாலு பேர் கையில் போய்ச் சேர்ந்ததும் அதன் இஷ்யூ பட்டியலில் 'டார்க் மோட் வேண்டும்', 'எக்செல் ஃபைலாக இறக்கிக்கொள்ள வசதி வேண்டும்' என்று கோரிக்கைகள் குவியும். பிழை என்றால் சரிசெய்து மூடிவிடலாம். கோரிக்கைக்கோ யாராவது ஒருவர் 'செய்கிறோம்', 'செய்யமாட்டோம்' என்று சொன்னால்தான் முடிவு. அதைச் சொல்ல உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்.

1. ஒரே பட்டியல், தனி லேபிள்

டெபியனின் பிழைப் பட்டியலில் 'விஷ்லிஸ்ட்' என்றே ஒரு நிலை உண்டு. கிட்ஹப்பில் 'என்ஹான்ஸ்மென்ட்' லேபிள் முதலிலிருந்தே இருக்கும். கோரிக்கை என்று வந்தது பிழை எனத் தெரிந்தால் லேபிளை மாற்றினால் போதும். ஆனால் திறந்து கிடக்கும் இஷ்யூக்கள் ஏறிக்கொண்டே போகும். ஓரிருவர் நடத்தும் சிறிய புராஜெக்டுக்கு இதுவே தாராளம்.

2. டிஸ்கஷன்ஸ்

கிட்ஹப்பில் 2021-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட வசதி. கோரிக்கைகளை 'ஐடியாஸ்' பிரிவுக்கு அனுப்பிவிட்டால், செய்வதாக ஒப்புக்கொண்ட வேலை மட்டும் இஷ்யூ பட்டியலில் நிற்கும். தவறி அங்கே வந்த கோரிக்கையையும் டிஸ்கஷனாக மாற்றலாம். வாரம் ஒருமுறையாவது யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேட்பவர்கள் சுவரோடு பேசுவதுபோல் உணர்வார்கள்.

3. வாக்கும் கெடுவும்

'+1' என்று மட்டும் எழுதிப்போகும் பதில்கள் பெருந்தொல்லை என்று 2016 ஜனவரியில் பராமரிப்பாளர்கள் பலர் சேர்ந்து கிட்ஹப்புக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அந்த மார்ச்சிலேயே கட்டைவிரல் குறி வந்தது. வி.எஸ். கோட் குழு அதையே அளவுகோலாக்கியது: பரிசீலனையில் வைத்த கோரிக்கைக்கு 60 நாளில் 20 கட்டைவிரல் விழுந்தால் பணிப் பட்டியலில் சேரும், விழாவிட்டால் மூடப்படும். பயனர் கூட்டம் பெரிதாக இருந்தால்தான் இது எடுபடும். பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் ஆதரவு போன்றவற்றை மட்டும் வாக்குக்கு விடாதீர்கள். தேவைப்படுவோர் சிலரே என்பதால் அவை எப்போதும் தோற்கும்.

4. எழுத்து முன்மொழிவு

பைத்தானுக்கு 2000 முதல் 'பெப்', ரஸ்ட்டுக்கு 2014 முதல் 'ஆர்எஃப்சி'. கேட்பவரே காரணம், வடிவமைப்பு, பாதகம் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். ரஸ்ட்டில் முடிவுக்கு முன் பத்து நாள் இறுதிக் கருத்துக் காலமும் உண்டு. ஒருமுறை சேர்த்தால் திரும்ப எடுக்க முடியாத மாற்றங்களுக்கு மட்டும் இதை வையுங்கள். ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற ஐந்து பக்கம் கேட்டால் ஆள் ஓடிவிடுவார்.

சும்மா கிடக்கும் இஷ்யூக்களைத் தானாக மூடும் பாட் ஐந்தாவது வழி ஆகாது. உண்மையான பிழையையும் அது சேர்த்தே மூடிவிடும்.

நடுத்தரப் புராஜெக்டுகளுக்கு என் பரிந்துரை இரண்டாவது வழி. எதை எடுத்தாலும், 'இது இந்த மென்பொருளின் எல்லைக்குள் வராது, பிளகினாகச் செய்யலாம்' என்று முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள். மூன்று வருடம் திறந்தே கிடக்கும் இஷ்யூவைவிட, உடனே கிடைக்கும் 'இல்லை' கேட்டவருக்கு மரியாதை.