நீரில் மட்குமா, மட்காதா?

பாவுக்கு இடும் கஞ்சியும், சலவைச் சோப்பும், சாயமும் ஈற்றில் நீரையே சென்றடைகின்றன. பட்டறையார் வெளிவிடும் நீரே கீழ்மடை விவசாயிக்குப் பாசன நீராகின்றது. ஆதலின், ஒரு ரசாயனப் பொருள் நீரில் எளிதில் மட்குமா என்று அறியும் முறையை நாம் இரு சாராரும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

மட்குதல் என்பது நிறம் மறைதல் அன்று; கரைந்து போதலும் அன்று. நுண்ணுயிர்கள் அப்பொருளை உணவாகக் கொண்டு கரியமிலவாயுவாகவும் நீராகவும் சிதைப்பதே மட்குதலாம். அதற்கு அவை நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. செலவான பிராணவாயுவையோ, பிறந்த கரியமிலவாயுவையோ அளந்தால் மட்கிய அளவு புலனாகும்.

சோதனை முறை

பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 1992-இல் திருத்தி வெளியிட்ட 301-ஆம் வழிகாட்டியில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. தாது உப்புகள் மட்டும் கரைந்த நீரில் சோதனைப் பொருளை இடுவர். நுண்ணுயிர்களுக்கு அதுவே உணவு. நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, அப்பொருளுக்கு முன்னரே பழக்கப்படாத நுண்ணுயிர்களைச் சிறிதளவு சேர்ப்பர். பாத்திரத்தைச் சுமார் 22 டிகிரி வெப்பத்தில், 28 நாட்கள் வைத்திருப்பர்.

உடன் வேறு இரு பாத்திரங்களும் வேண்டும். ஒன்றில் பொருள் இராது. அதன் அளவைக் கழித்தே கணக்கிடுவர். மற்றொன்றில் எளிதில் மட்கும் சோடியம் பென்சோயேட் இருக்கும்; அது 14 நாட்களுக்குள் உரிய அளவு மட்கவில்லையெனில் சோதனையே செல்லாது.

ஒரு பொருள் முழுதும் மட்க 100 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும் என்க. கழித்தது போக 66 மில்லிகிராம் செலவாயின், மட்கியது 66 சதவீதம். 60 சதவீதம் எட்டினால் தேர்ச்சி. அதுவும் 10 சதவீதம் கடந்த பத்து நாட்களுக்குள் எட்டுதல் வேண்டும்.

முடிவை உணரும் வகை

தேறாத பொருள் என்றுமே மட்காது என்பதில்லை. கஞ்சிக்கு மாற்றான பாலிவினைல் ஆல்கஹாலைப் பழகாத நுண்ணுயிர்கள் மெதுவாகவே சிதைக்கும். பழகியவை நன்கு சிதைக்கும். தேறிய பொருளும் தீங்கற்றதென்று கொள்ளலாகாது. மாவுக்கஞ்சி விரைவில் மட்கும். ஆயினும் குளத்தில் மிகுதியாகக் கலந்தால் பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடியும். சாயத்தொட்டியில் இடும் உப்போ மட்கும் இனமே அன்று. அது நிலத்திலேயே தங்கும்.

எனவே, சாயமோ சோப்போ வாங்குமுன் அதன் பாதுகாப்பு விவரத் தாளைக் கேட்டுப் பெறுவோம். அதன் 12-ஆம் பகுதியில் மட்கும் தன்மை குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்தறிந்தபின் விலை பேசுவோம்.