ஒரு பிட்டை மாற்றும்போது
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிப்பொறித் துறை)

கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்கு வேலைக்குச் செல்பவர் என் தந்தை. வெப்பம் தவறினால் சூளையிலுள்ள பொருள் அத்தனையும் வீண் என்பார். அத்தகைய சூளையைக் கணிப்பொறி இயக்குமானால், நிரலின் ஒரு வரிக்கும் எவ்வளவு பொறுப்பு உண்டு என்பதைக் காண்போம்.

கருவிக்கும் கணிப்பொறிக்கும் இடையே நிற்கும் நிரல் டிரைவர் எனப்படும். அது கருவியின் ரிஜிஸ்டர்களைப் படித்தும் அவற்றில் எழுதியும் வேலை வாங்குகிறது. எட்டு பிட் ரிஜிஸ்டரை எட்டு சுவிட்சுகள் கொண்ட பலகையாகக் கொள்ளலாம். வலக்கோடியிலுள்ள பிட் எரிவாயு வால்வு, அடுத்தது காற்றூதி, மூன்றாவது எச்சரிக்கை விளக்கு என்க. முதலிரண்டும் இயங்கும்போது மதிப்பு 00000011.

விளக்கை ஏற்ற 00000100 என நேரே எழுதினால் மற்ற இரண்டும் நின்றுவிடும். ஆய்வுக்கூடத்தில் 8255 சில்லுடன் எல்.இ.டி.களை இணைத்து நான் எழுதிய முதல் நிரல் இப்பிழையையே செய்தது. விளக்கு எரிந்ததைக் கண்டு மகிழ்ந்த எனக்கு, அணைந்துபோன இரண்டையும் காட்டியவர் எங்கள் ஆசிரியர். அச்சில்லில் 'சி' போர்ட்டின் பிட்டுகளை மட்டுமே தனித்தனியே மாற்றலாம். 'ஏ', 'பி' போர்ட்டுகளுக்கு அவ்வசதி இல்லை.

ஆகவே பழைய மதிப்புடன் 00000100 என்ற மாஸ்க்கை 'ஆர்' (|) செய்ய வேண்டும், 00000111 கிடைக்கும். அணைப்பதற்கு மாஸ்க்கைத் தலைகீழாக்கி (~), 11111011 உடன் 'அண்ட்' (&) செய்ய வேண்டும். சி மொழியில் ~ குறிக்குப் பதில் ! இட்டால் மாஸ்க் 0 ஆகி, எட்டு பிட்டுகளும் அணையும். இலக்கணப்படி அது பிழையன்று. எனவே கம்பைலர் அதை ஏற்றுக்கொள்ளும்.

இதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. நிரல் 00000011 எனப் படித்தவுடன், வெப்பம் மிகுந்ததால் இன்டரப்ட் வந்து வால்வை மூடுகிறது என்க. மதிப்பு 00000010 ஆகிறது. நிரலோ தான் முன்பு படித்ததை நம்பி 00000111 என எழுதுகிறது. மூடிய வால்வு மீண்டும் திறந்துவிடுகிறது! படித்து, மாற்றி, எழுதி முடியும்வரை இன்டரப்ட்டைத் தடுத்து வைப்பதே இதற்குப் பரிகாரம். லினக்ஸ் டிரைவர்களில் இதற்கென 'ஸ்பின்லாக்' என்னும் பூட்டு உண்டு.

எனவே நண்பர்களே, டிரைவர் நிரலைச் சரிபார்க்க அமரும்போது, மாறக்கூடாத பிட்டுகள் எவை என்று முதலில் தாளில் எழுதிக்கொள்வோம். மாறவேண்டிய பிட்டைப் பிறகு பார்ப்போம். அதன் மறுமுனையில் யாரோ ஒருவருடைய தந்தை சூளையருகே நின்றுகொண்டிருக்கலாம்.