பூட்டிக்கொள்ளும் டேட்டாபேஸ்

கடை பில்லிங் புரோகிராமுக்கு எஸ்கியூலைட் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து பில் போட்டால் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்று நின்றுவிடுகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா? – ஈரோடு வாசகர்

ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஆனால் நாம் சொல்லாவிட்டால் அது காத்திருக்காது, உடனே கையை விரித்துவிடும். கனெக்ஷன் திறந்ததும் ‘பிராக்மா பிஸி_டைம்அவுட் = 5000’ கொடுங்கள்; 5 நொடி பொறுக்கும். ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் இது தனித்தனியாக வேண்டும்.

கூடவே ‘பிராக்மா ஜர்னல்_மோட் = வால்’ என்பதையும் கொடுங்கள். இது மட்டும் ஒருமுறை போதும், ஃபைலிலேயே பதிந்துவிடும். அப்புறம் ஒருவர் எழுதும்போதே மற்றவர் படிக்கலாம். பக்கத்தில் ‘-வால்’ என்ற பெயரோடு முளைக்கும் ஃபைலைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கடைசியாகப் போட்ட பில்கள் அதற்குள் இருக்கும்!

அப்படியும் பூட்டுகிறதா? டேட்டாபேஸைப் பார்க்க உதவும் டிபி பிரவுசரைத் திறந்து எதையோ திருத்திவிட்டு, ‘ரைட் சேஞ்சஸ்’ அழுத்தாமல் டீ குடிக்கப் போயிருப்பீர்கள். பல பேர் வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டு பேரும் வேறு வேறு கம்ப்யூட்டரிலிருந்து ஷேர்டு ஃபோல்டர் வழியாக எழுதுகிறார்கள் என்றால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர் டேட்டாபேஸுக்கு மாறிவிடுங்கள்.