பாறையும் தோல் உரியும்

வெங்காயத்தை உரிக்கிறோம். ஒரு தோல் போனால் அடுத்த தோல் தெரியும். பாம்பு சட்டை உரிக்கும். கொய்யா மரத்தில் பட்டை உரியும். இதெல்லாம் நாம் பார்த்ததுதான். பாறை உரியுமா? அதுவும் உரியும்.

ஐதராபாத் நகரில் மாதாப்பூர் என்று ஒரு பகுதி. அங்கே துர்க்கம் செருவு என்ற ஏரி இருக்கிறது. தெலுங்கில் செருவு என்றால் ஏரி. முன்பு கோல்கொண்டா கோட்டைக்கு இங்கிருந்து குடிதண்ணீர் போனது. ஏரிக்கரையில் பெரிய பெரிய கருங்கல் பாறைகள். சில பாறைகளின் மேல் கல் தகடு ஒன்று தனியாகப் பிரிந்து நிற்கும்.

பாறை ஏன் இப்படிப் பிரிகிறது?

இந்தப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்குள் ஆழத்தில் உண்டானவை. மேலே இருந்த கல்லும் மண்ணும் இவற்றை அழுத்தின. மழையும் காற்றும் அந்தப் பாரத்தை மெல்ல மெல்லக் கரைத்தன. தலைச்சுமையை இறக்கியவர் நிமிர்வது போல, பாரம் குறைந்ததும் பாறை கொஞ்சம் விம்மியது. அப்போது மேல்பக்கம் தகடு தகடாக விரிசல் விட்டது. வெயிலும் குளிரும் மழைநீரும் தகட்டைத் தளர்த்தும். ஒரு நாள் அது சரிந்து விழும். மூலைகள் முதலில் தேயும். அதனால்தான் பாறை உருண்டை ஆகிறது.

ஏடு ஏடாக உரிவதை ஆங்கிலத்தில் 'எக்ஸ்ஃபோலியேட்' என்பார்கள். லத்தீன் மொழியில் 'ஃபோலியம்' என்றால் இலை. இலை இலையாகக் கழல்வது என்று பொருள். தமிழில் 'பாம்பு சட்டையை உரிக்கிறது', 'பட்டை உரிகிறது' என்று எழுதுகிறோம். நடுவில் ஒரு 'க்' வந்தால் பொருள் மாறுகிறது, பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

முகத்துக்குப் பூசும் கிரீம் டப்பாவிலும் இந்தச் சொல் இருக்கும். அங்கே, இறந்த தோலைத் தேய்த்து எடுப்பது என்று பொருள். பயத்தமாவும் பீர்க்கை நாரும் செய்கிற வேலைதான். விலைதான் அதிகம்! எதுவானாலும் புண்ணின் மேல் தேய்க்கக் கூடாது.

தென்னிந்தியாவில் கல் உடைப்பவர்களுக்குப் பாறை உரிவது பழைய பாடம். பாறை மேல் விறகை எரிப்பார்கள். சூட்டில் மேல் தகடு விம்மிப் பிரியும். பிறகு உளியால் வெட்டி எடுப்பார்கள்.

பாம்புக்குப் புதுத் தோல் வளரும். நம் மேல்தோலும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதிதாகிவிடும். பாறைக்கு வளராது. உரிந்த பிறகு மிஞ்சுவது முன்பைவிடச் சிறிய பாறை.

மாதாப்பூரில் 1998இல் சைபர் டவர்ஸ் கட்டிடம் திறக்கப்பட்டது. பிறகு சுற்றிலும் கட்டிடங்கள் எழுந்தன. பலருக்கு வேலை கிடைத்தது. பல பாறைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. பாறைகளைக் காப்பாற்ற 1996இலேயே ஐதராபாத்தில் ஒரு சங்கம் தொடங்கியது. பாறைகளைக் காட்ட அது மக்களை நடத்தி அழைத்துப் போகிறது.

2020இல் துர்க்கம் செருவின் மேல் ஒரு பெரிய பாலம் திறக்கப்பட்டது. கரையில் மிச்சம் இருக்கும் பாறைகள் இன்னும் உரிந்துகொண்டுதான் இருக்கின்றன.