மனநோய்க்கும் மருந்துண்டு

கிராம அபிவிருத்தி என்றதும் சாலையும் பாலமும் குடிநீர்க் கிணறும் பள்ளிக்கூடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஊராட்சிக் கூட்டங்களில் மனநோயைப் பற்றிய பேச்சு எழுவது மிக அரிது. கூட்டம் கலைந்த பிறகு உறுப்பினரைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களே அதிகம். அவ்வாறு கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் எல்லா ஊர்களிலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு எமக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதுகிறோம்.

இது வியாதியா, பேய் பிடித்ததா என்பதே முதற் கேள்வி. வியாதிதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் மனநோய் என்பது ஒரே வியாதியன்று. காதில் யாரோ பேசுவதாகக் கேட்பதும், அடுத்த வீட்டார் சோற்றில் விஷம் வைப்பதாக நம்புவதும், குளிக்காமல் உண்ணாமல் தனக்குள் பேசிக்கொண்டிருப்பதும் மனச்சிதைவு நோயின் குறிகள். ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரை வாழ்நாளில் இது பற்றுகிறது. சில வாரங்கள் உறக்கமின்றி அளவு கடந்த உற்சாகத்தில் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் வாரியிறைத்துவிட்டு, பிறகு சில மாதங்கள் எழுந்திருக்கவும் மனமின்றிக் கிடப்பது இருதுருவ நோய். மனச்சோர்வு இவ்விரண்டையும்விட மிகப் பரவலானது. ஆனால் கண்ணுக்குப் புலப்படுவது குறைவு. விடியற்காலையிலேயே விழிப்புக் கண்டு மறுபடி உறங்க முடியாமல், பசியின்றி, உடம்பெங்கும் வலிக்கிறது என்று வைத்தியர் வைத்தியராக அலையும் உழவர் பலருக்கு உள்ளது மனச்சோர்வே.

சில நிலைகளில் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. பிள்ளை பெற்ற இரண்டொரு வாரங்களில் தாய் உறக்கமிழந்து, தொடர்பின்றிப் பேசி, குழந்தையைக் கண்டு அஞ்சினால் அதைப் பேய் என்று சொல்லி வேப்பிலை அடிப்பது வழக்கமாக இருக்கிறது. அது விரைவில் குணமாகக் கூடிய நோய். ஆனால் கவனியாமல் விட்டால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் கைகால் நடுங்கி, பூச்சிகள் ஊர்வதாகக் கூவினாலும், காய்ச்சலில் கிடப்பவர் திடீரெனப் பிதற்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நோய் தீருமா என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. நம் மாநிலத்தின் மிகப் பழைய மனநோய் ஆஸ்பத்திரி 1794-ஆம் ஆண்டில் தோன்றியது. அதுவே இன்று கீழ்ப்பாக்கத்தில் உள்ள மனநல நிலையம். நெடுங்காலம் அத்தகைய இடங்களில் அடைத்து வைப்பதைத் தவிர அதிகம் செய்வதற்கில்லை. மனச்சிதைவுக்கு உண்மையில் பயன்படும் முதல் மாத்திரையாகிய குளோர்ப்ரோமசின் 1952-இல் பிரான்ஸ் நாட்டில் வழக்கத்திற்கு வந்த பிறகே நிலைமை மாறிற்று. இன்று மனச்சோர்வு கண்டவர்களில் பெரும்பாலோர் தேறி விடுகிறார்கள். மனச்சிதைவு கண்டவர்களில் சிலர் முற்றும் குணமடைகிறார்கள். பலர் மருந்துடன் வயல் வேலையும் குடும்பமும் நடத்துகிறார்கள். சிலருக்கு மட்டும் நோய் விடாப்பிடியாக நிற்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் ஆயுள் முழுதும் மருந்துண்ணுவதை நாம் இழிவாக எண்ணுவதில்லை. இதையும் அவ்வாறே கருதுதல் வேண்டும்.

மருந்தை இடையில் நிறுத்துவதே நோய் திரும்புவதற்குத் தலையாய காரணம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்து நாள் உண்டு, பயனில்லை என்று எறிபவர்கள் பலர். தேறிய பிறகும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் அதைத் தொடர வேண்டும். மனச்சிதைவுக்கு இதைவிட நீண்ட காலம், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில். பயிர் பச்சை பிடித்தவுடன் நீர் பாய்ச்சுவதை நிறுத்தும் உழவர் எவருமில்லை. ஆனால் நோயாளி ஒரு நாள் சிரித்துப் பேசினால், போதும், மாத்திரையை விட்டுவிடு என்று சொல்லும் பெரியவர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்! மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்திற்கோ ஒரு மாதத்திற்கோ ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. இதைப் பல குடும்பங்கள் அறியாதிருக்கின்றன.

மருந்தினால் தீங்கு இல்லையா என்னும் அச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. கை நடுக்கம், உடல் இறுக்கம், எச்சில் வடிதல், மிகுந்த உறக்கம், உடல் பருத்தல் ஆகியவை சிலருக்கு உண்டாகும். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ இவற்றைச் சரி செய்யலாம். ஆகையால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இருதுருவ நோய்க்குத் தரப்படும் லித்தியத்தைப் பற்றி உழவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியதொன்று உண்டு. கோடை வெயிலில் வியர்வை கொட்ட உழைத்தாலும், வயிற்றுப்போக்குக் கண்டாலும் அம்மருந்து இரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேரும். தண்ணீர் தாராளமாகப் பருக வேண்டும். வழக்கமான உப்பைக் குறைக்கலாகாது. வாந்தியும் தள்ளாட்டமும் தோன்றினால் அடுத்த வேளை மருந்தை உண்ணாமல் உடனே மருத்துவரைக் காண வேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. மின்சாரச் சிகிச்சையைப் பற்றிய அச்சம் திரைப்படங்களால் வளர்ந்தது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடாமல் அதைச் செய்வதை இன்று சட்டமே தடுக்கிறது.

கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துச் செல்வது தவறா? பிரார்த்தனையைத் தவறென்று சொல்ல மாட்டோம். சங்கிலியையே தவறென்கிறோம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியுமுன் தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய உறவினர்களே. வேறு வழி தெரியாதவர்கள். பிற்காலத்தில் அவ்வூர்த் தர்காவிலேயே வழிபாட்டுடன் மனநல மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. இரண்டும் ஒன்றையொன்று தடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வீட்டில் கட்டிப் போடுவதும் இவ்வாறானதே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எவ்வகையிலும் சங்கிலியிடுவது கூடாது. மனநோயாளி கொடுமைப்படுத்தப்படுவதையோ கவனிப்பாரின்றி விடப்படுவதையோ அறிந்தவர் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆதரவின்றித் தெருவில் திரியும் நோயாளியைக் காவலர் 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; லாக்கப்பில் அடைக்கக் கூடாது. ஆயினும் கட்டிப் போட்டிருக்கும் தாய் தந்தையரைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதால் யாதொரு பயனும் இல்லை. வண்டிக்கு ஏற்பாடு செய்து, உடன் ஓர் உறுப்பினர் மருத்துவமனைக்குச் சென்றுவந்தால் சங்கிலி தானே கழலும்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. நோயை மறைத்து முடிக்கப்படும் திருமணத்தில் புது மணமகள் முன்னிலையில் மாத்திரை உண்ண வெட்கி நிறுத்துவதும், நோய் மீள்வதும், இரு குடும்பங்களும் பகைப்பதும் நாம் காண்பதே. தேறியவர் உண்மையைச் சொல்லி மணம் புரியத் தடையில்லை. பிள்ளைகளுக்கும் வருமா எனில், பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு வரக்கூடும். ஒன்பது பேருக்கு வருவதில்லை.

எங்கே செல்வது? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, மருந்துக்குக் கட்டணமில்லை. பெரும்பாலோரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை. சேர்த்தாலும் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்பதில்லை. வேலூரை அடுத்த பாகாயத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட மனநல மையத்தில் நோயாளியுடன் உறவினரும் தங்குவது வழக்கம். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். நெடுநாள் நோயாளிகள் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழ் பெறவும் உரியவர்கள்.

இனி ஊராட்சிகள் தாமே செய்யக்கூடிய ஒன்று. நம் உழவர் வீடுகளில் பூச்சிமருந்துப் புட்டி கூரையிடுக்கிலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பலருக்குச் சில நிமிடங்களில் எழுந்து சில மணிகளில் தணிவது. அந்நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாதிருந்தால் பெரும்பாலோர் பிழைப்பர். இலங்கையில் 1995-க்குப் பின் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ததும் தற்கொலைகள் பாதியாகக் குறைந்தன. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் பொதுக் கிடங்கு கட்டி, ஒவ்வொரு குடும்பத்திற்கும் பூட்டுடன் கூடிய பெட்டி தந்து பார்த்தார்கள். உழவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், தற்கொலைகளும் குறைந்தன. ஒரு சிறு கட்டடமும், பெட்டிகளும், சாவிக்குப் பொறுப்பான ஓர் ஆளும் போதும். அடுத்த ஊராட்சிக் கூட்டத்தின் பொருள் வரிசையில் இதற்கு ஓர் இடம் ஒதுக்கி, கிடங்கை ஊருக்குள் எங்கே அமைப்பது, வயலுக்குப் போகும் விடியற்காலையில் அதைத் திறந்து தருபவர் யார் என்பனவற்றை உழவர்களைக் கொண்டே முடிவு செய்யலாம்.