தவணை முடியுமுன் உத்தரவாதம் முடிந்தால்?

மீளக்குடியேறும் குடும்பத்துக்குக் கையடக்கத் தொலைபேசி ஆடம்பரப் பொருள் அல்ல. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையோடு பேசுவதற்கும், மண்சரிவு எச்சரிக்கையை அறிவதற்கும், ஆபத்து நேரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இல் அழைப்பதற்கும் அது வேண்டும். கையில் மொத்தப் பணம் இல்லாதபோது பலர் அதைத் தவணைக்கு வாங்குகிறார்கள். அப்படி வாங்குமுன் இந்தப் பாடத்தைக் குடும்பமாக வாசியுங்கள்.

1. இரண்டு காலங்கள், இரண்டு பொறுப்புகள்

உத்தரவாதம் என்பது, குறித்த காலத்துக்குள் பழுது வந்தால் திருத்தித் தருவதாக விற்பவர் உங்களுக்குத் தரும் வாக்கு. தவணை ஒப்பந்தம் என்பது, பணத்தைக் கட்டி முடிப்பதாக நீங்கள் தரும் வாக்கு. ஒன்று முடிந்தால் மற்றதும் முடியும் என்று நினைக்க வேண்டாம்.

ஓர் உதாரணம்: மாதம் 4,000 ரூபாய்ப்படி 24 மாதங்கள் கட்ட வேண்டும். மொத்தம் 96,000 ரூபாய். உத்தரவாதமோ 12 மாதங்கள்தான். 13 ஆவது மாதம் தொலைபேசி பழுதானால், திருத்தும் செலவு உங்களுடையது. கட்ட வேண்டிய 48,000 ரூபாயும் அப்படியே நிற்கும்.

2. கையெழுத்திடுமுன்

- உத்தரவாதம் எத்தனை மாதம், தவணை எத்தனை மாதம் என்று கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முடிந்தால் உத்தரவாதக் காலத்துக்குள் கட்டி முடிக்கும் தவணையைத் தெரிவு செய்யுங்கள்.
- பற்றரிக்கும் சார்ஜருக்கும் உத்தரவாதக் காலம் குறைவாக இருக்கலாம். தனியாகக் கேளுங்கள்.
- உத்தரவாதம் தருவது கடையா, கம்பனியின் முகவரா? திருத்தக் கொடுப்பது பதுளையிலா, கொழும்பிலா?
- தண்ணீர் பட்டதற்கும், விழுந்து உடைந்ததற்கும் உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை பெய்யும் நம் மலையில் இது முக்கியம்.
- *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். உத்தரவாத அட்டையிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.
- விளங்காத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

3. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவு லயன்களையே மூடியது. அத்தகைய அழிவில் கடதாசிகள் மிஞ்சுவதில்லை. ஆகவே பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, ஒப்பந்தம் மூன்றையும் படம் பிடித்து, வேறு ஊரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தர வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது.

4. உத்தரவாதக் காலத்தில் பழுது வந்தால்

உடனே கடைக்குக் கொண்டு செல்லுங்கள். பொருளை ஒப்படைத்த திகதியை எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மறுத்தால் அல்லது நாட்களைக் கடத்தினால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 இல் அழைத்து, எழுத்துமூலமும் முறையிடுங்கள். முறைப்பாட்டுக்குக் கால எல்லை உண்டு, தாமதிக்க வேண்டாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

5. உத்தரவாதம் முடிந்த பின் பழுது வந்தால்

கோபத்தில் தவணையை நிறுத்த வேண்டாம். தாமதக் கட்டணம் ஏறும். உங்கள் பெயர் கடன் தகவல் பணியகத்தில் பதிவாகலாம்; பின்பு வீட்டுக்கோ தொழிலுக்கோ கடன் கேட்கும்போது அது தடையாகும். பிணை நின்றவரிடமும் பணம் கேட்பார்கள். அவர் பெரும்பாலும் உங்கள் உறவினராக அல்லது பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார்.

அதற்குப் பதிலாக, முதலில் திருத்தும் செலவைக் கேட்டறியுங்கள். கட்ட முடியாத நிலை வருமுன்பே நிறுவனத்துக்குப் போய், தவணையைக் குறைத்து மாதங்களைக் கூட்டித் தரும்படி கேளுங்கள். மாதங்கள் கூடினால் வட்டி எவ்வளவு கூடும் என்பதையும் கேளுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

குடும்பமாகப் பேசுங்கள்

1. நம் வீட்டில் தவணைக்கு வாங்கிய பொருள் எது? அதன் உத்தரவாதம் எந்தத் திகதியில் முடிகிறது?
2. அது நாளை பழுதானால், மீதித் தவணை எவ்வளவு?
3. நமக்காகப் பிணை நின்றவர் யார்? அவருக்கு இது தெரியுமா?