அழுது தீர்த்தால் ஆறிவிடுமா?

எல்லாம் தலைக்கு மேலே போய்விட்டது, எதையும் தொடங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்று சொல்பவர்களை டெல்லியில் அடிக்கடி பார்க்கிறேன். வேலைக்குப் போகிறார்கள், மெட்ரோவில் நெரிபட்டுத் திரும்புகிறார்கள். உள்ளே மட்டும் ஏதோ மரத்துக் கிடக்கிறது. உளவியல் சிகிச்சை என்று பேச்செடுத்தால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். அவற்றில் சில தவறு. சில பாதி சரி.

நம்பிக்கை: பழசையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டி அழுதுவிட்டால் சரியாகிவிடும்.

இதைச் சினிமா நம் மனதில் பதித்துவிட்டது. ‘சந்திரமுகி’ படத்தில் (2005), தன்னைச் சந்திரமுகியாகவே நம்பும் கங்கா, பழிதீர்க்க நினைத்த வேட்டையனின் பொம்மை எரிந்ததும் குணமாகிவிடுகிறாள். நிஜத்தில் வரிசையே வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில், மனவடு (trauma) ஆறுவதில் மூன்று கட்டங்களைச் சொன்னார். முதலில் பாதுகாப்பு. அதன் பிறகே நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுவது. கடைசியில் மனிதர்களோடு மறுபடி சேர்வது. மனவடுவைப் புரிந்து செய்யும் சிகிச்சைகள் பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன.

ஆகவே முதல் சில சந்திப்புகளில் பெரிய கதை எதுவும் வெளிவராமல் போகலாம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் இருக்கிறார்கள், அடி உதை இன்னும் தொடர்கிறதா என்ற கேள்விகள்தான் வரும். கதவைப் பார்த்த மாதிரி உட்கார வேண்டுமா என்றுகூடக் கேட்பார்கள். வந்தவர் ஒரு சம்பவத்தைச் சொல்லத் தொடங்குகிறார். குரல் தட்டையாகிறது, கை சில்லிடுகிறது, பார்வை எங்கோ நிலைகுத்துகிறது. நல்ல தெரபிஸ்ட் அப்போது “அப்புறம் என்ன ஆச்சு?” என்று தூண்டமாட்டார். “கொஞ்சம் நில்லுங்க. கால் தரையில படுதா பாருங்க. இந்த அறையில என்னென்ன தெரியுது, சொல்லுங்க” என்பார். கதை பாதியில் நின்றது நேர விரயமல்ல. அன்றைக்கு எதையும் வலுக்கட்டாயமாகச் சொல்ல வைக்கவில்லை, நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்பதை அந்த உடம்பு கற்றுக்கொள்கிறது. பேரிடர் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் விலாவாரியாகப் பேசவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

நம்பிக்கை: கிளறாமல் விட்டால் காலமே ஆற்றிவிடும்.

இது பாதி சரி. உலக அளவில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனதை உலுக்கும் நிகழ்வைச் சந்திக்கிறார்கள்; அவர்களில் மனவடு நோய்க்கு (PTSD) ஆளாகிறவர்கள் 5.6 சதவீதம்தான் என்கிறது அதே நிறுவனம். பெரும்பாலோர் உற்றார் உறவினர் துணையோடு தேறிவிடுகிறார்கள், அவர்களை இழுத்துப்போய் சிகிச்சையில் உட்காரவைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு தெருவைத் தவிர்த்தவர் பிறகு ஒரு வாசனையைத் தவிர்க்கிறார், பிறகு கல்யாணம் காட்சியை, கடைசியில் போனை எடுப்பதையே தவிர்க்கிறார் என்றால், அங்கே காலம் ஆற்றவில்லை.

நம்பிக்கை: காசு கொடுத்து அட்வைஸ் கேட்பதா? வீட்டில் பெரியவர்கள் இல்லையா?

அதிகம் கேட்கும் பதில் இதுதான். இதில்தான் பெரிய தவறும் இருக்கிறது. சிகிச்சையில் கிடைப்பது அட்வைஸ் அல்ல. உறவை மையமாக வைத்த சிகிச்சையில், அந்த அறையில் இருவருக்கும் இடையே நடப்பதே மருந்தின் பெரும்பகுதி.

ஒரு உதாரணம். பேசிக்கொண்டிருக்கும்போது தெரபிஸ்ட் கண் கடிகாரத்துக்குப் போகிறது. வந்தவர் சிரித்துப் பேசி எழுந்து போகிறார். அடுத்த வாரம் வரவில்லை, உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்புகிறார். சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரிந்த வழி அது: நாம் பாரமாகிவிட்டோம் என்று தோன்றினால் சத்தமில்லாமல் விலகிவிடுவது. அடுத்த முறை தெரபிஸ்ட் அதை விட்டுவிடுவதில்லை. “அன்னைக்கு நான் மணி பார்த்தது உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று அவரே கேட்கிறார். கோபப்பட்டாலும் யாரும் கதவைச் சாத்தவில்லை, மனத்தாங்கலைச் சொன்ன பிறகும் உறவு நிற்கிறது என்று வந்தவர் ஒருவேளை முதன்முறையாக அனுபவிக்கிறார். பிறகு அதையே வீட்டில், அலுவலகத்தில் முயன்று பார்க்கிறார். எந்தப் பெரியப்பாவும், எத்தனை அன்பானவராக இருந்தாலும், இதைச் செய்ய முடியாது. அவர் அந்தக் குடும்பத்துக்கு உள்ளேயே இருக்கிறார்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவதும் சரியல்ல. கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியது 1922இல். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். மனிதத் துணையும் மருத்துவம்தான் என்று அவர் அன்றே செய்து காட்டினார்.

நம்பிக்கை: எல்லாம் உன் மனசில்தான் இருக்கிறது.

இதைச் சிகிச்சையின் பெயரால் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரத்து மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதிக்கு நகரத்தின் வடகோடியில், நரேலாவில் வீடு. மற்றவர்களுக்கு அப்போது அதுவும் கிடைக்கவில்லை. வேலை செய்யும் வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் கைவிட்டுப்போன ஒரு பெண்ணுக்குத் தூக்கம் வராவிட்டால், கோளாறு அவள் மனதில் இல்லை. 1984இல் டெல்லியில் நடந்த சீக்கியர் எதிர்ப்பு வன்முறையில், அரசு கணக்குப்படியே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். கணவனை இழந்த பெண்கள் பலர் திலக் விஹாரில் குடியமர்த்தப்பட்டார்கள். அந்த வன்முறை வழக்கொன்றில் முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2018 டிசம்பரில், 34 வருஷம் கழித்து. நடந்தது நடந்ததுதான் என்று ஊரறிய ஒப்புக்கொள்ளப்படுவதும் ஆறுவதில் ஒரு பங்கு என்று ஹெர்மன் வற்புறுத்துகிறார். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அடிபட்டது தனி ஆள் மட்டுமல்ல, குடும்பமும் ஊருமே என்று எழுதினார். நல்ல தெரபிஸ்ட் இந்த வெளியுலகத்தையும் அறைக்குள் அனுமதிப்பார்.

நம்பிக்கை: வெளியே தெரிந்தால் வேலைக்கும் வரனுக்கும் ஆபத்து.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை என்னென்ன என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

நம்பிக்கை: இதெல்லாம் பணக்காரர்கள் சமாச்சாரம்.

தென் டெல்லி தனியார் கட்டணத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. பழைய ஷாதரா மனநோய் மருத்துவமனை, உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலுக்குப் பின் 1993இல் இந்த நிறுவனமாக மாறியது. சஞ்சீவினி அமைப்பு 1976 முதல் இலவசமாக ஆலோசனை தருகிறது. தனியாரிடம் போவதானால், கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாள் முழுக்க இந்தியில் பேசிக் களைத்தவர்கள் தமிழில் பேசவும் வழி உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி ஆலோசனை 14416 எண்ணில், இருபத்து நாலு மணி நேரமும், கட்டணமில்லாமல் கிடைக்கிறது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.